கண்ணகி சிலையில் தொடங்கி கண்ணகி நகர் வரை: சென்னையில் ஒரு நாள் கலை பார்ப்பது எப்படி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கிளம்பாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை வெள்ளிதான், ஞாயிறு இல்லை. நான் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்தபோது ஊரிலிருந்து வந்த இரண்டு நண்பர்களிடம் "சோழர் சிலையெல்லாம் காட்டுறேன் வாங்கடா" என்று பெரிதாக அளந்துவிட்டு, அவர்களைக் கூட்டிக்கொண்டு பாந்தியன் சாலையில் போய் நின்றால் கேட் பூட்டியிருந்தது. அன்றைக்கு நான் அவர்களுக்குக் காட்டியது ஒரு ஜூஸ் கடை மட்டும்தான். அவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதற்கப்புறம் பல தடவை, தனியாகவும் ஜூனியர் பசங்களோடும் சுற்றிச் சுற்றி, ஒரு நாளுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு வழி கைவந்திருக்கிறது. விடிகாலையில் மெரினா, பத்து மணிவாக்கில் எழும்பூர், வெயில் உச்சியில் இருக்கும்போது ஏதாவது ஒரு கூரைக்கடியில் ஒரு ஓவியக் காட்சி, சாயங்காலம் தெற்கே கண்ணகி நகர். போக்குவரத்து, டிக்கெட், சாப்பாடு எல்லாம் ஒரு மாணவன் தாங்குகிற செலவுதான். கலை படிக்கிறவராக இருக்கவேண்டியதில்லை. என்னோடு வந்ததிலேயே நன்றாகக் கவனித்துப் பார்த்தவன் ஒரு மெக்கானிக்கல் மாணவன்.

என்ன எடுத்துக்கொண்டு போகவேண்டும்? கோடு போடாத ஒரு சின்ன நோட்டு, இரண்டு பென்சில், தண்ணீர், தொப்பி அல்லது குடை, சில்லறை. அருங்காட்சியகத்தில் கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு. நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள், உள்ளே போனபின் காவலரோடு வாதாடாதீர்கள். மாணவர் அடையாள அட்டையையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கட்டணம் குறையும் இடத்தில் அதைக் கேட்பார்கள்.

நோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு பொருளை ஐந்து நிமிடம் வரைந்த பிறகுதான் அதைப் போட்டோ எடுப்பது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். வரைய வராது என்பதெல்லாம் சாக்கு. என் யானை பன்றி மாதிரிதான் வரும். ஆனால் வரைய உட்கார்ந்தால்தான் கண் ஒரு இடத்தில் நிற்கிறது; போனை நீட்டிய அடுத்த நொடி கால் தானாக அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இது முதலில் எங்கே இருந்தது, யார் பார்ப்பதற்காகச் செய்தது? இந்த ஊரில் இந்தக் கேள்விக்கு வருகிற பதில்கள் விசித்திரமாக இருக்கும்.

விடிகாலை, கடற்கரை

பறக்கும் ரயிலில் (மெட்ரோ இல்லை, தூண்கள்மேல் ஓடும் நகர ரயில்) சேப்பாக்கத்தில் இறங்கி வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடந்தால், சாலை முடிகிற இடத்தில் உழைப்பாளர் சிலை. ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருங்கள். சூரியன் கடலிலிருந்து, அதாவது சிலையின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும். சாலைப் பக்கம் நின்று பார்த்தால் முகமும் தசையும் தெரியாது. நான்கு ஆட்களும் ஒரு பாறையும் சேர்ந்து ஒரே கறுப்பு உருவமாக நிற்பார்கள். முதல் படத்தை அப்போதே வரையுங்கள், வெளிக்கோடு மட்டும் போதும். அந்த நாலு பேரும் தனித்தனி மனிதர்களாக இல்லாமல் ஒரே சாய்வாக, ஒரே தள்ளலாக இருப்பது அப்போது தெரியும். வெளிச்சம் ஏறியதும் சுற்றி வந்து கால்களைப் பாருங்கள். பாறையின் கனத்தைச் சிற்பி கையில் காட்டியதைவிடக் காலில்தான் அதிகம் காட்டியிருக்கிறார் என்பது என் கட்சி.

செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி, மல்யுத்தப் பழக்கம் உள்ளவர், சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்த முதல் இந்தியர். 1957 வரை அங்கே இருந்தார். சிலை திறக்கப்பட்டது 1959 ஜனவரி 25. அந்தப் பள்ளியின் காவலாளி ஒருவர்தான் மாதிரிக்கு நின்றார் என்று சொல்வார்கள். இதே மெரினாவில்தான் 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஆகவே இன்று நாம் பார்க்கப்போகும் எல்லாவற்றிலும், வைத்த இடம் சரியாகப் பொருந்தி, வைத்த இடத்திலேயே இருப்பது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இதன் இன்னொரு பிரதி டெல்லியில், தேசிய நவீன ஓவியக் காட்சியகத்து வளாகத்தில் நிற்கிறது. பின்னால் கடல் இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியே தெற்கே நடந்தால் வரிசையாகச் சிலைகள் வரும். பெரும்பாலானவை 1968-இல் சென்னையில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டவை: வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., அப்புறம் வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர், கால்டுவெல், போப். சிற்பமாகப் பார்த்தால் எல்லாமே ஒரே தரம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். சிலது பாடப்புத்தகப் படம் எழுந்து நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் வரைய வேண்டாம்.

கண்ணகியிடம் மட்டும் நில்லுங்கள். சிலம்பேந்திய கை, விரிந்த கூந்தல். இந்தச் சிலையை 2001 டிசம்பரில் இங்கிருந்து எடுத்துவிட்டார்கள். ஊரே பேசியது, அறிக்கைகள், போராட்டங்கள். 2006 ஜூனில் ஆட்சி மாறியதும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். நாலரை வருஷம் வெறும் இடமாக இருந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் வேறொரு கண்ணகியிடம் போகிறோம்.

பசிக்கும். பாரதி சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்குள் நுழைந்தால் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி. இரண்டு இட்லிக்கு எவ்வளவு சாம்பார் கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள். அதே சாலையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, ஆனால் இன்றைக்கு வேண்டாம். அங்கே நின்றால் நாள் போச்சு.

எழும்பூர்

அரசினர் தோட்டம் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்துவிடலாம். அருங்காட்சியகம் காலை 9.30-க்குத் திறக்கும்.

1851-இல் தொடங்கிய இடம் இது. இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்துப் பழையது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், இந்த வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சிசாலையும் வைத்திருந்தவர். ஊர்ப்பக்கத்து மக்கள் இதை இன்னும் 'செத்த காலேஜ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாடம் செய்த மிருகங்களும் திமிங்கல எலும்புக்கூடும் இருக்கிற இடத்துக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. கட்டடங்கள் பல, கூடங்கள் நாற்பதுக்கு மேல். எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மதியத்துக்குள் எல்லாம் கலங்கி, எதுவும் மனத்தில் நிற்காது. நான் சொல்வது இரண்டே இரண்டு: அமராவதிக் கற்கள், வெண்கலக் கூடம்.

அமராவதிக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் கற்கள் இவை. சலவைக்கல் என்று சொன்னாலும் உண்மையில் சுண்ணாம்புக்கல். 1845-இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்து மதராஸுக்கு அனுப்பினார். இங்கே வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்தன, அப்புறம் 1859-இல் ஒரு பெரிய பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது. ஒரே தூபி, பாதி அங்கே பாதி இங்கே.

அந்தக் கூட்டத்தில் ஒரு வட்டக் கல்லைத் தேடிப் பிடியுங்கள். நளகிரி என்ற மதயானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் தெருவில் வெறிகொண்டு ஓடி ஆளைத் தூக்கி வீசுகிறது, ஜனங்கள் சிதறுகிறார்கள். இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. மேலே மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கிறவர்களையும் விடாதீர்கள். கட்டம் பிரிக்காமல் கதை சொல்வது எப்படி என்று படக்கதை வரைய ஆசைப்படுகிற யாரும் இந்த ஒரு கல்லிடம் வந்து பாடம் கேட்கலாம். முதலில் வட்டத்தைப் போட்டு, யானைகள் இரண்டையும் வெறும் உருண்டைகளாக வையுங்கள். மனிதர்கள் தானாக அந்த இடைவெளிகளில் நிரம்புவது புரியும்.

இனி வெண்கலம். இங்கேதான் நேரத்தைச் செலவழிக்கவேண்டும், ஒன்றரை மணி நேரமாவது. உள்ளே போனதும் எல்லாரும் செய்கிற தப்பு, ஒவ்வொரு கூண்டிலும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நகர்வது. பலகையை அப்புறம் பார்க்கலாம். ஒரு சுற்று சும்மா நடந்துவிட்டு, எது உங்களை நிறுத்துகிறதோ அங்கே திரும்பி வாருங்கள்.

கோயிலில் இந்த மூர்த்திகளை நாம் உண்மையில் பார்த்ததே இல்லை. பட்டு, மாலை, கவசம், தீபப் புகை எல்லாவற்றுக்கும் நடுவில் முகம் மட்டும் தெரியும். இங்கே முழு உடம்பும் நிற்கிறது, சில இடங்களில் பின்பக்கமும் தெரியும். சிலையின் முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் பூப்போன்ற சிரச்சக்கரம், சடைப் பின்னல், இடுப்பில் ஆடையின் முடிச்சு; எந்தப் பக்தனும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஸ்தபதி ஒரு மடிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்தது பீடம். அதில் ஓட்டைகளும் வளையங்களும் இருந்தால் அது உற்சவமூர்த்தி, கழி செருகித் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போனது. ஆக இது தோள்மேல், கூட்டத்துக்கு மேலே, அசைந்துகொண்டே வந்த உருவம். முழங்காலிட்டுக் கீழேயிருந்து பார்த்தால் சிலையே வேறு மாதிரி இருக்கும். காவலர் ஒருமாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

செய்முறை தெரிந்தால் பார்வை இன்னும் மாறும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் முதலில் மெழுகில் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார்கள். மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதனால்தான் இங்கே ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள்.

நான் எப்போதும் நிற்கிற இடங்கள் மூன்று. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர், பதினோராம் நூற்றாண்டு. வலது பக்கம் இரண்டு கை, இடது பக்கம் ஒரே கை. உடம்பை நடுவே ஒரு கோடு போட்டுப் பிரித்து, முதலில் வலப்பாதியை மட்டும், அப்புறம் இடப்பாதியை மட்டும் வரையுங்கள். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று தேடினால் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் வேலை. இரண்டாவது திருவாலங்காட்டு நடராசர். நாம் எல்லா இடத்திலும் பார்த்துப் பழகிய நெருப்பு வளையம் இதற்கு இல்லை, சடையும் இருபுறமும் விரிந்து பறக்கவில்லை. இருந்தும் ஆட்டம் குறையவில்லை. இதன் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். நேரில் வராமலே. நமக்கு எழும்பூருக்கு மெட்ரோ இருக்கிறது. மூன்றாவது வடக்குப்பனையூர் ராமர். கைகள் வில்லையும் அம்பையும் பிடித்த நிலையில் இருக்கின்றன, ஆனால் வில் இல்லை. அந்தக் கையை மட்டும் வரையுங்கள், இல்லாத வில் படத்தில் வந்துவிடும்.

இவற்றில் பல இங்கே எப்படி வந்தன தெரியுமா? படையெடுப்புக்குப் பயந்து மண்ணில் புதைத்துவைத்தார்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், இடம் மறந்துபோனது. நூற்றாண்டுகள் கழித்து யாரோ வயலை உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ தட்டுப்பட்டால், 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அப்படித்தான் கருவறைக்குப் பதில் கண்ணாடிக் கூண்டு.

வெளியே வந்ததும் அதே வளாகத்தில் இளஞ்சிவப்புக் கல்லில் ஒரு முகலாயர் காலத்து வாசல் மாதிரி நிற்கும் கட்டடத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். ஹென்றி இர்வின் வரைந்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது, 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறந்தது. உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும் முகப்புக்காகவே பத்து நிமிடம் நிற்கலாம்.

மதியம்

எழும்பூரில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, அளவுச் சாப்பாடு போதும், முழுச் சாப்பாடு சாப்பிட்டால் தூக்கம்தான் வரும். வெயில் தாழும்வரை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமிக்குப் போய்விடுங்கள். ஏதாவது ஒரு ஓவியக் காட்சி நடந்துகொண்டிருக்கும். உங்கள் வயதுக்காரர்களின் ஓவியங்கள் தொங்கும், சில நேரம் வரைந்தவரே ஓரமாக உட்கார்ந்திருப்பார். பேசுங்கள். "நல்லா இருக்கு" என்று சொல்வதைவிட, "எதிலிருந்து ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். டெல்லியில் இந்த அகாடமி 1954-இல் தொடங்கியபோது முதல் தலைவராக இருந்தவர், காலையில் பார்த்த உழைப்பாளர் சிலையைச் செய்த அதே ராய் சௌத்ரி.

அவருக்குப் பின் ஓவியப் பள்ளிக்கு முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார். கலைஞர்கள் மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். அதையும், தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவையும் இதே நாளில் திணிக்கப் பார்க்காதீர்கள், ஈ.சி.ஆருக்கு இன்னொரு நாள் வேண்டும். தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. வெள்ளி என்று நினைத்து அங்கேயும் ஏமாறாதீர்கள்.

சாயங்காலம், சுவர்கள்

மூன்றரை வாக்கில் பூங்கா நகர் நிலையத்துக்கு வந்து பறக்கும் ரயில் பிடியுங்கள். பத்து ரூபாய்க்குள் இந்திரா நகர். நிலையத்தை விட்டு வெளியே வந்து, சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். வெளிச்சுவர் முழுக்க முகங்கள், ஏ-கில் என்ற சென்னை ஓவியர் வரைந்தது. இந்த முகங்களில் எச்ஐவி உள்ளவர்களும் இருக்கிறார்கள், இல்லாதவர்களும் இருக்கிறார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். முடியாது, அதற்காகத்தான் வரைந்தது.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியாகப் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ துரைப்பாக்கம், கண்ணகி நகர். மெட்ரோ வேலையால் அந்தச் சாலை நெரியும், பொறுமை வேண்டும்.

இங்கே போவதற்கு முன் இது என்ன இடம் என்று தெரிந்துகொண்டு போங்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலும் நகரத்தின் உள்ளேயும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்தி, 2000-ஆம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். இருபத்துமூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்தில், தூங்குவது மட்டும் இங்கே. முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று இங்குள்ளவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கடற்கரைக் கண்ணகி நாலரை வருஷத்தில் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். இவர்களை யாரும் திரும்பக் கூட்டிப்போகவில்லை.

2020-இல் தெருச் சுவர்களில் ஓவியம் வரையவைக்கும் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு மாநகராட்சியோடும் ஏசியன் பெயின்ட்ஸோடும் சேர்ந்து இந்தக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையவைத்தது. உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு ஓவியர்கள் வந்தார்கள். ஏ-கில் வரைந்த சிரிக்கும் குழந்தைகளை நீங்கள் எங்காவது படத்தில் பார்த்திருப்பீர்கள். பெயின்ட் அடித்தால் தண்ணீர் வருமா, பேருந்து வருமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. பெயின்டால் தண்ணீர் வராது. ஆனால் அந்தச் சுவரைக் காட்டி "எங்க ஏரியா" என்று சொல்கிற பசங்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நடந்துகொள்வது பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். இது காட்சிக்கூடம் இல்லை, வீடு. துணி காயும், அடுப்பு எரியும், பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பெரிய கும்பலாகப் போகாதீர்கள், இரண்டு மூன்று பேர் போதும். சுவரைப் படமெடுக்கும்போது வீட்டுக்குள் தெரிகிறதா என்று பாருங்கள். குழந்தைகள் தாங்களாகவே வந்து போஸ் கொடுத்தாலும் பக்கத்தில் இருக்கிற அக்காவிடமோ அம்மாவிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். தெருமுனைக் கடையில் டீ குடியுங்கள், பஜ்ஜி சாப்பிடுங்கள். வழியையும் அங்கேயே கேட்கலாம். எந்தச் சுவர் எங்கே என்று வரைபடத்தைவிட டீக்கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். சில ஓவியங்கள் வெயிலில் வெளுத்திருக்கும், சில இடத்தில் குழாய் உடைந்து நீர் வழிந்த கறை இருக்கும். அவற்றையும் சேர்த்தே வரையுங்கள்.

ஒருமுறை அங்கே ஒரு கட்டடத்துக்கு எதிரே கல்லில் உட்கார்ந்து, சுவரில் இருந்த முகத்தை மட்டும் வரைந்துகொண்டிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் விரலை நோட்டில் வைத்து, "அண்ணா, ஜன்னல உட்டுட்டீங்க. அதான் எங்க வீடு" என்றான். கன்னத்துக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரு பச்சைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. பென்சிலை அவனிடமே கொடுத்தேன். ஜன்னலை வரைந்து, துண்டையும் தொங்கவிட்டு, உள்ளே ஒரு ஆளையும் நிறுத்திவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான்.